அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு

பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவே, ரயில் பாதைக்குத் தெற்கே உள்ள எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அவருக்கு அடுத்தவர் சின்னக்கா. கடைசிப் பிள்ளை நான். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திதியை முன்னிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர், நண்பர் எல்லோருக்கும் குடும்பத்தாரின் வணக்கம்.

நாகர்கோவிலில் பத்திரிகை வேலை பார்ப்பவன் என்பதால் எழுதும் பொறுப்பை அத்தான், அக்காவின் கணவர், என்னிடம் கொடுத்தார். "நடந்தத நடந்தபடி எழுது தம்பி. அழகுபடுத்தாண்டாம்" என்றார். சிரமம் அதில்தான் இருக்கிறது. என்ன நடந்தது என்று எங்களால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. எதனால் எது நடந்தது என்று சொல்ல முடியவில்லை.

இன்னொரு சிரமமும் உண்டு. இப்படிப்பட்ட மலரின் முடிவில் உதவியவர்களுக்கு நன்றி சொல்வது முறை. அக்காவுக்கு உதவியவர்களில் அதிகம் பேர், ரத்தம் கொடுத்த உறவினர்கள். அவர்கள் சார்பில் பூவார் மாமா வந்து, தங்கள் பெயர்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் அம்மாவின் தம்பி அவர். நன்றி வேண்டாம் என்று ஒருவர் நேரில் வந்து கேட்பதை நான் அதுவரை கண்டதில்லை. அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தந்தையார் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று வளர்ந்த அக்காவுக்கு இரண்டும் ஒரே வேகத்தில் வரும். அதனாலேயே நெய்யாற்றின்கரை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது என்று தந்தையார் சொல்வார். தானியங்கி இணைப்பு வராத காலம் அது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் அக்காவிடம் பேச வேண்டும். பம்பாயில் இருக்கும் மகனோடு பேச வந்த ஒருவர் தொண்டை கிழியக் கத்தியபோது, "அண்ணாச்சி, இந்தக் கத்து கத்தினா போன் எதுக்கு? பம்பாய்க்கு நேரடியாவே கேக்கும்" என்று அக்கா சொன்னது ஊரில் வெகுநாள் பேச்சாக இருந்தது. மூச்சு விடாமல் ஐந்தாறு வாக்கியம் பேசுவார். பேச்சில் அவரை முந்தியவர் எங்கள் வீட்டில் இல்லை.

களியக்காவிளையைச் சேர்ந்த அத்தானைத் திருமணம் செய்தார். அத்தானுக்குப் பாறசாலையில் இரும்புக்கடை. இரண்டு ஆண், ஒரு பெண் என்று மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் வயிற்றில் இருந்தபோது அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. பிரசவத்துக்குப் பிறகும் கால் வீக்கம் வடியவில்லை. பிரசவ வீக்கம் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தோம். முகமும் வீங்கிய பிறகுதான் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில்.

டயாலிசிஸ் தொடங்கியது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடலில் ரத்தம் ஊறுவதும் குறைந்துவிடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அக்கா வெளுத்துப் போனார். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சொந்தத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீட்டுக்கு ஒருவர் ரத்தம் கொடுக்கப் போவார்கள். தங்கள் வீட்டு ரத்தத்தை எடுக்காமல் விட்டால், கல்யாணத்துக்கு அழைப்பு வராத வருத்தம் அவர்களுக்கு. பூவார் மாமா ஜீப் பிடித்து ஆட்களைக் கொண்டுவந்தார். அக்காவின் ரத்த வகை உள்ளவர்களிடம் மட்டும் எடுத்தார்கள். வகை வேறாக இருந்தவர்களில் நானும் ஒருவன். மற்றொருவர், எங்கள் சித்தப்பா மகன், பரிசோதனை அறை வாசலிலேயே வழக்குக்கு நின்றார்.

"எனக்கு முந்தி வந்தவனுக்க ரத்தத்த எடுத்தாச்சு. எனக்க ரத்தத்துக்கு என்ன குறைவு?"

"எலே, குரூப்பு வேற ஆக்கும்" என்றார் மாமா. "பொண்ணு கேட்டு இல்லேண்ணு சொன்ன மாதிரி எதுக்கு மூஞ்சத் தூக்குக?"

அத்தானுக்கு அக்காவின் வகையேதான். முதல் ஆளாகப் படுத்துக் கொடுத்தார். சின்னக்காவுக்கும் அதே வகை. ஆனால் வாழ்க்கைப்பட்ட ஊரான கள்ளிக்காட்டிலிருந்து அவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது, போதுமான ரத்தம் எடுத்தாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மூத்தவளுக்கு எனக்க ரத்தம் மட்டும் வேண்டாம், இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போன சின்னக்கா, அதன்பிறகு சில வாரம் எங்களோடு பேசவில்லை.

ரத்தம் ஏற்றியதும் அக்காவின் முகத்தில் நிறம் வந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. முன்கூட்டியே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடல் மாற்றுச் சிறுநீரகத்தை நன்றாக ஏற்கும் என்று ஒரு மருத்துவர் சொன்னதாகவும் மாமா வந்து சொன்னார். மருத்துவர்களிடம் அப்படி ஒரு கருத்து இருந்தது உண்மைதான் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதே மருத்துவர்கள் அந்தக் கருத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொண்டேன்.

சிறுநீரகம் கொடுக்க அத்தான் முன்வந்தார். வகை ஒன்று, உடம்பில் நோய் இல்லை. கடைசியாக ஒரு பரிசோதனை. அக்காவின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, அதில் அத்தானின் வெள்ளணுக்களைப் போட்டுப் பார்ப்பார்கள். போட்ட அணுக்கள் செத்துவிட்டன.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அக்காவின் உடலில் அத்தானின் அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகியிருக்கின்றன. எதிர்ப்பொருள் என்று நாங்கள் பத்திரிகையில் எழுதுவது அதைத்தான். அத்தானின் சிறுநீரகத்தை வைத்தால் வைத்த அன்றே அது கருகிப்போகும். எப்படி உருவாயின என்று கேட்டோம். வயிற்றில் வளரும் பிள்ளையின் உடம்பில் பாதி தகப்பனுடையது, அதை அந்நியமென்று தாயின் உடல் தெரிந்துவைத்துக்கொள்வது உண்டு, மூன்று பிள்ளைகளால் வந்திருக்கலாம் என்றார். அத்தான் கொடுத்த ரத்தத்தால் வந்திருக்கலாம் என்றார். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்றார். எது என்று கண்டுபிடிக்கும் வழி தன்னிடம் இல்லை என்றார்.

அத்தான் இதைக் கேட்ட முகத்தை நான் மறக்கவில்லை.

"சாரே, இத்தன வருசமா ஒரு வீட்டில இருக்கியோம். ஒரு சண்டையக்கூட மறுநாளைக்கு வச்சதில்ல. பின்ன இது எப்பிடி?"

மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் இரண்டு மொழியிலும் சொன்னார். ஊரில் அது எடுபடவில்லை. கட்டினவனை அவள் உடம்பு ஏற்கவில்லையாம் என்ற பேச்சு, நாங்கள் வீடு வந்து சேருமுன் களியக்காவிளை வரைக்கும் போய்விட்டது. அத்தான் கடைக்குப் போகாமல் இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அக்காதான் அவரைத் தேற்றினார்.

"கேட்டேளா, மூணு பிள்ளையளும் உங்க மூக்க வச்சுக்கிட்டுப் பொறந்தப்ப ஒண்ணும் சொல்லாத உடம்பு, இப்ப ஒரு கிட்னிக்கு வழக்குக்கு நிக்குது. எனக்க உடம்புக்குப் புத்தி கம்மி. விடுங்க."

அடுத்துச் சின்னக்காவை அழைத்தோம். வந்தவர் வார்டில் எல்லோரும் கேட்கவே பேசினார்: "ரத்தம் வேண்டாம்ணு திருப்பி அனுப்பினிய. இப்ப கிட்னி வேணுமாக்கும்?" சொல்லிவிட்டு அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அதே பரிசோதனையில் சின்னக்காவின் அணுக்கள் உயிரோடு இருந்தன. உடன்பிறந்தவர்களுக்கு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். பிறகு, "இவங்க ரத்தம் கொடுக்காம இருந்ததும் நல்லதாப் போச்சு" என்று ஒரு வரி சொன்னார்.

அந்த ஒரு வரியில்தான் எங்கள் குழப்பம் ஆரம்பித்தது. கொடுக்காமல் இருந்தது நல்லது என்றால், கொடுத்தது என்ன? அன்று யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்த மகிழ்ச்சியில் கேட்கத் தோன்றவும் இல்லை.

சின்னக்காவின் சிறுநீரகம், அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்த கடைசிப் பெண் தொடக்கப்பள்ளியை முடிக்கும் வரை வேலை செய்தது. மாத்திரைகளால் அக்காவின் முகம் உருண்டது. மேலுதட்டில் ரோமம் முளைத்தது. "மீச வச்ச ஆபரேட்டர எந்த எக்ஸ்சேஞ்சிலயும் பாத்திருக்க மாட்டிய" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தொலைபேசி நிலையம் தானியங்கியாக மாறியபோது கட்டணம் வாங்கும் இடத்துக்கு அவரை மாற்றினார்கள். காலையும் மாலையும் மாத்திரை நேரத்தைத் தவறவிட்டதில்லை. மாதந்தோறும் ரத்தப் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போய்வந்தார். சின்னக்கா போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"எனக்க சாதனம் எப்பிடி இருக்கு?"

"சுகமா இருக்கு. ஒன்ன மாதிரி இல்ல, காலைல சொன்ன நேரத்துக்கு எந்திச்சிருது."

பிறகு, ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் அளவு மெல்ல ஏறத் தொடங்கியது. ஊசியால் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட நிராகரிப்பு என்றார்கள். மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஏறியது இறங்கவில்லை.

காரணம் கேட்டு மூன்று மருத்துவர்களிடம் போனேன். அக்காவின் உடலில் தங்கையின் சிறுநீரகத்துக்கு எதிராகவும் ஆன்டிபாடிகள் வெளியே தெரியாமல் மெதுவாக உருவாகி அதன் ரத்தக் குழாய்களை அடைத்திருக்கலாம் என்றார் ஒருவர். ஆன்டிபாடி என்பது ஓர் அனுமானம், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தே நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார் இரண்டாமவர். பழைய ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டினார் மூன்றாமவர். மூவரும் படித்தவர்கள், மூவரும் அக்காமீது அக்கறை உள்ளவர்கள். மூன்று பதிலையும் அத்தானிடம் சொன்னேன். "இதில ஏது சரி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

மீண்டும் டயாலிசிஸ். இரண்டாவது சிறுநீரகத்துக்கு வழி உண்டா என்று பார்க்க, அக்காவின் ரத்தநீரை வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அதில் பலருடைய அணுக்களைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை செத்துவிட்டன. யாருடையதைக் கொண்டுவந்தாலும் தள்ளுகிற நிலைக்கு அக்காவின் உடல் வந்திருந்தது. வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் அடியோடு இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றார் மருத்துவர். ஒத்துப்போகும் யாராவது கிடைக்கும்வரை காத்திருப்பதானால் இனி ரத்தம் ஏற்றக்கூடாது, ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் இன்னும் கொஞ்சம் எதிர்ப்பை உண்டாக்கலாம் என்றும் சொன்னார்.

செய்தி தெரியுமுன்பே பூவார் மாமாவின் ஜீப் வந்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணைக்கு மருந்து, இண்ணைக்கு விஷமா?" என்று கேட்டார் மாமா.

"விஷமில்ல மாமா. ரத்தத்த உடம்பு ஏத்துக்கும். கிட்னியத்தான் ஏத்துக்காது."

"எனக்க ரத்தம் அவளுக்குக் கொள்ளாம், அது ஓடுன கிட்னி மட்டும் கொள்ளாதா? என்னவாக்கும் நீ சொல்லுக?"

எனக்குத் தெரிந்த பாதியைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது அதில் பாதி இருக்கும். ஜீப் திரும்பிப் போயிற்று.

ரத்தம் ஊறுவதற்கான ஊசியும் போட்டுப் பார்த்தோம். போதவில்லை. அக்கா நாளுக்கு நாள் வெளுத்தார். கட்டிலிலிருந்து சன்னலுக்கு நடந்தால் மூச்சு வாங்கும். பேசும்போது மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துவார். மகள் பள்ளிக்கூடக் கதை சொல்ல வந்தால், பதில் பாதியில் நிற்கும், பிள்ளை காத்திருக்கும், அக்கா கையை மட்டும் அசைப்பார். அத்தான் பொறுத்திருப்போம் என்றார். ரத்தம் ஏற்றினால் அந்தக் கடைசி வழியும் அடைபடும் என்று பயந்தார். சின்னக்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் வாதாடிய ஒரு மத்தியானம் அக்கா கை காட்டி நிறுத்தினார். விட்டுவிட்டுத்தான் பேசினார். நான் சேர்த்து எழுதுகிறேன்.

"கேட்டேளா. கிடைக்குமோ கிடைக்காதோண்ணு தெரியாத ஒரு கிட்னிக்காக்கும் நான் இப்பிடி மூச்சு முட்டிக் கெடக்கேன். மாமாகிட்ட ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

"ஏத்தினா பின்ன வழி அடஞ்சு போவும்ணு டாக்டர் சொல்லிச்சே" என்றார் அத்தான்.

"அடையட்டு. பிள்ளையகிட்ட நாலு வார்த்த சேந்தாப்பல பேசணும் எனக்கு."

அத்தான் வராந்தாவுக்குப் போய் நின்றார். சிறிது நேரம் கழித்து வந்து, மாமாவுக்குத் தானே போன் செய்தார்.

ஜீப் மறுபடி வந்தது. முன்பு கொடுத்தவர்களில் பலர் வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். சின்னக்காவும் படுக்கப் போனார். ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவரிடம் எடுக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். "இந்தத் தடவையும் எனக்க ரத்தம் வேண்டாமா?" என்று அக்காவிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். "நீ தந்தது எனக்குள்ளதானே கெடக்கு பிள்ளே. இன்னும் என்னத்துக்கு?" என்றார் அக்கா.

அந்த ரத்தத்தில் அக்கா ஒரு பருவம் இருந்தார். ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தார். மூத்த மகன் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவனோடு சண்டை போட்டார். செங்கல் கோயிலுக்குப் போய்வந்தார். இரண்டாவது சிறுநீரகம் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் அத்தான் கையைப் பிடித்தபடி உயிர் பிரிந்தது. பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் அஸ்தியைக் கரைத்தோம்.

இனி மாமா கேட்டுக்கொண்டதற்கு வருகிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வழியாக மருத்துவர்கள் சொன்னதெல்லாம் ஊரில் பரவியது. ரத்தம் கொடுத்ததால்தான் அத்தானின் சிறுநீரகம் சேரவில்லை, ரத்தம் கொடுத்ததால்தான் இரண்டாவது கிடைக்கவில்லை என்று அது சுருங்கியது. கொடுத்தவர்கள் கூட்டத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். மாமா வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "மக்கா, எனக்க பேரப் போடாண்டாம். நம்ம ஆளுக பேரொண்ணும் போடாண்டாம். நாங்க குடுத்ததாக்கும் அவளக் கொண்டுபோச்சு. அதுக்கு நன்றி எழுதினா ஊரு ஆளுக சிரிப்பினும்."

அத்தானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனதிலும் தான் முதலில் கொடுத்த ரத்தம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். மாமா போன பிறகு, "தம்பி, இவியளுக்கு நாம நன்றி சொல்லணுமா, சமாதானம் சொல்லணுமா?" என்று கேட்டார். ஆரம்பம் முதல் அக்காவைப் பார்த்த மருத்துவரிடம் மறுபடி போனேன். ரத்தம் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். சிறுநீரகத்தைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு, முதலில் கொண்டுவந்த நாட்களில் ரத்தம் இருந்த அளவைப் பார்த்தால், அந்தப் பாட்டில்கள் இல்லாமல் அக்கா அறுவை சிகிச்சை மேசை வரைக்கும் வந்திருக்கவே மாட்டார் என்றார். அவர் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான். அத்தானிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அது அவருக்குப் போதுமாக இருந்ததா என்று தெரியவில்லை.

பூவாருக்குப் போய் மாமாவிடமும் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர மனம் மாறவில்லை. கிளம்பும்போது, அக்கா அவரோடு கடைசியாக எப்போது பேசினார் என்று சும்மா கேட்டேன்.

"கடசியா ரத்தம் ஏத்தின மூணாம் நாளு போன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல உள்ள எஸ்.டி.டி. பூத்தில இருந்தாக்கும். குடுத்த எல்லாரையும் வரிசையா விளிச்சிருக்கா."

"என்ன சொன்னா மாமா?"

"ஒண்ணும் பெரிசா இல்ல. நான் பதறிப்போயி, என்ன பிள்ளே, என்ன ஆச்சுண்ணு கத்தினேன். கத்தாண்டாம் மாமா, இந்தக் கத்துக்குப் போன் எதுக்கு, பூவார்ல இருந்து நேரடியாவே கேக்குதுண்ணு சொன்னா. பின்ன அத்தைக்க முட்டுவலியக் கேட்டா, தென்னைக்கு உரம் போட்டாச்சாண்ணு கேட்டா, சின்னவனுக்கு வேலை ஆச்சாண்ணு கேட்டா…" மாமா அங்கே நிறுத்தினார். "எல்லாத்தையும் ஒரே மூச்சில கேட்டாளே. இடையில நிக்கவே இல்ல."

வீட்டுக்கு வந்து கீழே உள்ள நன்றிப் பகுதியை எழுதினேன்.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர், பரிசோதனைக்கூடத்தில் இருந்தோர், விடுப்புக்கு முகம் சுளிக்காத அலுவலகத் தோழியர் அனைவருக்கும் எங்கள் நன்றி. தன் உடலில் ஒரு பங்கைக் கொடுத்த சின்னக்காவுக்கும், அதற்கு மறுப்புச் சொல்லாத அவர் வீட்டாருக்கும் எங்கள் நன்றி. கொடுக்க வந்து, வகை சேராமல் திரும்பியவர்களுக்கும் நன்றி.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு: உங்கள் பெயர்களைப் போட வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டபடி போடவில்லை. இம்மலரில் அக்காவின் பெயரும் இல்லை, எவருடைய பெயரும் இல்லை. உறவு மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் கொடுத்ததால் எது கெட்டது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. அக்கா அந்த பூத்தில் நின்று உங்கள் ஒவ்வொருவரிடமும் நிறுத்தாமல் பேசினார். அதற்கு முந்திய வாரம் அவரால் மூன்று சொல் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. இது எங்களுக்குத் தெரியும். இதற்கு நன்றி.

திதிக்குச் சாப்பாடு நம் வீட்டில். மாமா, ஜீப்பில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

குடும்பத்தாருக்காக,
தம்பி